எந்த நூலில், எந்த இடத்தில்? – வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் கடையில் மாட்டியிருக்கும் கீதாசாரப் படத்தில் ‘எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது’ என்று எழுதியிருக்கிறது. இது கீதையில் எத்தனையாவது அத்தியாயம், எத்தனையாவது சுலோகம்? கல்லூரியில் படிக்கும் மகன் கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், விருதுநகர்

ப: எந்த அத்தியாயத்திலும் இல்லை. 18 அத்தியாயம், 700 சுலோகம் முழுவதையும் வரிவரியாகத் தேடினாலும் அந்த வாசகத்துக்கு நேரான சுலோகம் கிடைக்காது. மனம் உடைந்தவர்களுக்கு அது ஆறுதல் தருகிறது என்பது உண்மைதான். மாட்டி வைப்பதில் குற்றமில்லை. அதைக் கண்ணன் சொன்னதாகச் சொல்வதுதான் தவறு. நடந்ததெல்லாம் நன்றாகவே நடந்தது என்றால், சபையில் திரௌபதிக்கு நடந்ததும் நன்று என்றாகிவிடும். அப்புறம் அர்ஜுனன் வில்லை எடுக்கக் காரணமே இல்லை. கீதை பேசுவது, தவறாக நடந்துபோன ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு இப்போது என்ன செய்வது என்பதைப் பற்றி.

மகனுக்குக் காட்ட வேண்டிய இடங்கள் 2ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. குளிரும் வெப்பமும் போல இன்பதுன்பங்கள் வந்து போகும், பொறுத்துக்கொள் என்பது 2.14. பழைய உடையைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல ஆன்மா உடல் மாறுவது 2.22. பிறந்தவனுக்கு இறப்பு உறுதி என்பது 2.27. எல்லோருக்கும் தெரிந்த 2.47ஐயும் முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் நான்கு பகுதி உண்டு: செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் ஒருபோதும் இல்லை, பலனையே நோக்கமாக வைத்துச் செய்யாதே, செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே. மேடைகளில் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நான்காவது போய்விட்டால் மிச்சம் இருப்பது சோம்பலுக்கு ஒரு சாக்கு மட்டுமே.

கீதையை முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் பலர் முதல் அத்தியாயத்தின் படைவரிசையிலேயே நின்றுவிடுகிறார்கள். சுலோகங்களுக்குச் சங்கரர் எழுதிய உரையே 2ஆம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. புதிதாகப் படிப்பவர் 12ஆம் அத்தியாயம் (20 சுலோகம்), 15 (20), 3 (43) என்று படித்துவிட்டு, பிறகு முதலிலிருந்து வருவது நல்லது. நாளுக்கு 5 சுலோகம் என்றால் 140 நாளில் முடியும். ஒரு எச்சரிக்கை: சில பதிப்புகளில் 13ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் அர்ஜுனனின் கேள்வியாக ஒரு சுலோகம் கூடுதலாக இருக்கும், மொத்தம் 701 ஆகும். அந்த அத்தியாயத்தில் மட்டும் ஒரு புத்தகத்தின் 13.2 இன்னொன்றில் 13.1 ஆக வரும். எண்ணைப் பார்த்து ஒப்பிடாமல் சுலோகத்தின் தொடக்கத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

கே: அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு ஏகாதச ருத்ரம் செய்ய இருக்கிறோம். ஒரு சாஸ்திரிகள் 3 பேர் போதும் என்கிறார், இன்னொருவர் 11 பேர் வேண்டும் என்கிறார். எது சரி? என்னென்ன தயார் செய்வது?
– வாசகி, கும்பகோணம்

ப: இருவரும் சொல்வது வேறு வேறு கணக்கு. ஸ்ரீருத்ரம் கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சம்ஹிதையில் உள்ளது. 7 காண்டங்களில் நடுவில் இருக்கும் 4ஆம் காண்டத்தின் 5ஆம் பிரபாடகம் (அத்தியாயம்) நமகம், 7ஆம் பிரபாடகம் சமகம். இரண்டுக்கும் தலா 11 அனுவாகம் (பிரிவு). நமகத்தின் 11 அனுவாகத்தையும் முழுதாகச் சொல்லிச் சமகத்தில் முதல் அனுவாகத்தை மட்டும் சொன்னால் ஒரு ஆவர்த்தி, அதாவது ஒரு சுற்று. மறுபடி நமகம் முழுதும், சமகத்தில் இரண்டாவது அனுவாகம். இப்படி 11 ஆவர்த்தி முடியும்போது சமகமும் ஒருமுறை நிறைவடையும். இதுதான் அடிப்படை அலகு. 11 பேர் உட்கார்ந்து 11 ஆவர்த்தி சொன்னால் 121. அதன் 11 மடங்கு 1,331 மகாருத்ரம். அதன் 11 மடங்கு 14,641 அதிருத்ரம். நம் பக்கத்தில் ஏகாதச ருத்ரம் என்றால் பெரும்பாலும் 121ஐத்தான் நினைத்துச் சொல்கிறார்கள்; வேறு சில இடங்களில் 11 ஆவர்த்திக்கே அந்தப் பெயர், 121க்கு லகு ருத்ரம் என்று பெயர். ஆகவே பெயரைச் சொல்லிப் பேசி முடிக்காதீர்கள், ‘மொத்தம் எத்தனை ஆவர்த்தி, எத்தனை பேர்’ என்று எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தட்சணை, சாப்பாடு, நேரம் எல்லாம் அதை வைத்துத்தான்.

நிதானமாகச் சொன்னால் ஒரு ஆவர்த்திக்கு ஏறக்குறைய 20 நிமிடம். 11 ஆவர்த்திக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சங்கல்பம், கலச ஸ்தாபனம், மகாந்யாசம் (மந்திரம் சொல்லி உடலுறுப்புகளைத் தொடுவது) எல்லாவற்றுக்கும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை 6 மணிக்கு உட்கார்ந்தால்தான் உச்சிப்பொழுதுக்குள் முடியும். 8 மணிக்குத் தொடங்கும் வீடுகளில் என்ன ஆகிறது என்றால், 7ஆம் ஆவர்த்திக்குப் பிறகு வேகம் கூடி, எழுத்துகள் விழுங்கப்படுகின்றன. பந்திக்கு ஆட்கள் காத்திருப்பதைச் சொல்லி அவசரப்படுத்துவதும் வீட்டுக்காரர்கள்தான். மண்டபச் சாப்பாட்டை 12.30க்கு முன் வைக்காதீர்கள்.

ஆவர்த்திக்கு ஒன்றாக 11 அபிஷேகத் திரவியம் வைப்பது வழக்கம்: கந்தத் தைலம், பஞ்சகவ்யம், பஞ்சாமிர்தம், நெய், பால், தயிர், தேன், கரும்புச்சாறு, எலுமிச்சைச்சாறு, இளநீர், சந்தனம். வீட்டுப் பூஜையில் இருக்கும் சிறிய பாணலிங்கத்துக்கு ஒவ்வொன்றும் 200 மில்லி தாராளம். தேனும் நெய்யும் 100 போதும். தைலத்துக்கும் நெய்க்கும் பிறகு அரிசிமாவு தடவிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பிசுக்கு தங்கி அடுத்த திரவியம் ஒட்டாமல் வழுக்கும். எண்ணிக்கை தவறாமல் இருக்க 11 கொட்டைப்பாக்கைத் தட்டில் வைத்து, ஒவ்வொரு சமக அனுவாகம் முடிந்ததும் ஒன்றை எடுத்துவிடுங்கள். இதை வீட்டில் ஒரே ஆள் பொறுப்பேற்றுச் செய்யட்டும். இருவர் எடுத்தால் தப்பிவிடும்.

உட்கார்ந்து கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்லி வையுங்கள். நமகத்தின் 8ஆம் அனுவாகத்தில் ‘நம: சிவாய ச சிவதராய ச’ வரும், ஐந்தெழுத்து வேதத்தில் அமர்ந்திருக்கும் இடம் அது. சமகத்தின் 4ஆம் அனுவாகம் ஒரு களஞ்சியமே. பால், நெய், தேன் என்று கேட்டுக்கொண்டு வந்து நெல், யவம், உளுந்து, எள், பயறு, கோதுமை, மசூர், தினை என்று ஒவ்வொரு தானியத்தையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. கடைசி அனுவாகத்தில் 1, 3, 5 என்று 33 வரை ஒற்றைப்படை எண்களும், 4, 8, 12 என்று 48 வரை நான்கின் மடங்குகளும் வரிசையாக வரும். எட்டு வயதுப் பிள்ளைகூடக் கவனித்துப் பின்தொடரலாம்.

கே: தமிழ் எழுத்தில் அச்சான ருத்ரப் புத்தகத்தையும் ஒலிப்பதிவையும் வைத்து நானே கற்றுக்கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: நினைவூட்டலுக்குப் புத்தகம் உதவும், கற்றுக்கொள்ள உதவாது. தமிழ் எழுத்தில் ஒரு ‘க’ நான்கு ஒலிக்கு நிற்கிறது. அதனால்தான் பதிப்பாளர்கள் மேலே 2, 3, 4 என்று சிற்றெண் போடுகிறார்கள். கூடவே ஸ்வரக் குறி: எழுத்தின் கீழே படுக்கைக் கோடு அனுதாத்தம், தாழ்த்திச் சொல்வது, மேலே ஒரு செங்குத்துக் கோடு ஸ்வரிதம், இரட்டைக் கோடு நீண்ட ஸ்வரிதம், குறி இல்லாதது உதாத்தம். படிக்கும் கண் சிற்றெண்ணையும் கோட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்காது. பெரும்பாலும் கோட்டைப் பிடித்து எண்ணை விட்டுவிடும். ஸ, ஶ, ஷ மூன்றும் ஒன்றாகும். விசர்க்கம் (சொல்லின் இறுதியில் வரும் ‘ஹ’ போன்ற ஒலி) காணாமல் போகும்.

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி கவனிக்க வேண்டியவை ஆறு என்கிறது: எழுத்து, ஸ்வரம், மாத்திரை, பலம், சாமம் என்னும் சம ஓட்டம், சந்தானம் என்னும் தொடர்ச்சி. ஸ்வரம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேதமே ஒரு நிகழ்ச்சியைத் தருகிறது. த்வஷ்டா, இந்திரனைக் கொல்பவன் பிறக்க வேண்டும் என்று யாகம் செய்து ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லைச் சொன்னான். உதாத்தம் கடைசியில் விழுந்திருந்தால் ‘இந்திரனைக் கொல்பவன்’. முதலில் விழுந்ததால் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’. விருத்திரன் பிறந்தான், இந்திரன் கையால் மாண்டான்.

பாடசாலையில் சந்தை முறை. ஆசிரியர் ஒருமுறை சொல்வார், மாணவர் இரண்டு முறை திருப்பிச் சொல்வார். பிழை அந்த இடத்திலேயே திருத்தப்படும். ஒலிப்பதிவு உங்களைத் திருத்தாது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் சந்தைக்குப் போனால் ஓர் ஆண்டுக்குள் நமகமும் சமகமும் கைவரும். வேகமாக வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒருமுறை தவறாகப் படிந்த ஸ்வரத்தைக் கழற்ற, புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் ஆகும்.

பல தலைமுறை எழுத்து இல்லாமல் வேதம் நின்றதற்குக் காரணமும் இந்தக் கட்டுப்பாடுதான். கனம் என்ற ஓதும் முறையில் மூன்று சொற்களை 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று சொல்வார்கள். மூன்று சொல்லுக்கு 13 உச்சரிப்பு. அடுத்தது 2-3, 3-2, 2-3-4 என்று ஒரு சொல் தள்ளித் தொடங்கும். ஒரு சொல் விட்டாலும் இடம் மாறினாலும் உடனே இடறும். இதை முடித்தவர்களைத்தான் கனபாடிகள் என்கிறோம்.

கே: கருட புராணத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாமே?
– வாசகி, சேலம்

ப: தாராளமாக வைத்திருக்கலாம். இறப்புக்குப் பின் வரும் நாட்களில் வாசிக்கப்படுவது அதன் பிரேத காண்டம். அச்சம் அதனால் வந்தது. அதே புராணத்தில் இரத்தின சோதனை, மருத்துவம், இலக்கணம்கூட இருக்கின்றன. 18 மகாபுராணங்களில் அது ஒன்று.

கே: எல்லாம் பிராரப்தம் என்றால் மருத்துவரிடம் ஏன் போக வேண்டும்?
– வாசகர், திருச்சி

ப: ‘எல்லாம் பிராரப்தம்’ என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று பலன் கொடுக்கத் தொடங்கிய பங்கு பிராரப்தம். இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். பிராரப்தத்தின் எல்லையை யோக சூத்திரம் (2.13) மூன்றாகச் சொல்கிறது: எந்தப் பிறப்பு, எவ்வளவு ஆயுள், என்ன அனுபவம். மருத்துவரிடம் போவது இன்று நீங்கள் செய்யும் செயல். அது ஆகாமியத்தின் கணக்கில் வருகிறது.

மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் தருமர் பீஷ்மரிடம் இதையே கேட்கிறார்: விதி பெரிதா, முயற்சி பெரிதா? அங்கே வரும் விடையில் விதி விதை, முயற்சி நிலம். நிலம் இல்லாமல் விதைத்த விதை வீண். பலரும் முயற்சியைத்தான் விதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூல் அதை மாற்றி வைக்கிறது. விதை எதுவானாலும் உழுது வைக்க வேண்டியது நம் பொறுப்பு என்று ஆகிறது.

வினையின் பலனை உயிரிடம் சேர்ப்பது யார் என்பதில்தான் தரிசனங்கள் (தத்துவ நெறிகள்) பிரிகின்றன. மீமாம்சையில் செய்த கருமம் அபூர்வம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றலாக நின்று தானே பலன் தரும். சைவ சித்தாந்தம் ஒப்பாது: ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தில் கன்மம் அறிவற்றது, அறிவற்றது தானாக ஆளைத் தேடி வராது, இறைவனே உரிய உயிரிடம் சேர்ப்பிக்கிறான். 12 சூத்திரமே உள்ள சிவஞானபோதத்தில் இரண்டாம் சூத்திரத்தை உரையுடன் படியுங்கள். இந்தக் கேள்விக்கு அதைவிடச் சுருக்கமான இடம் வேறில்லை.

கே: முப்பத்து முக்கோடி தேவர்கள் என்ற கணக்கு வேதத்தில் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

ப: வேதத்தின் கணக்கு 33. பிருகதாரண்யக உபநிஷத்தில் (3.9) சாகல்யர் ‘தேவர்கள் எத்தனை பேர்’ என்று திரும்பத் திரும்பக் கேட்க, யாக்ஞவல்கியர் 3,306 என்று தொடங்கி 33, 6, 3, 2, ஒன்றரை, 1 என்று இறங்கி வருகிறார். 33 என்பது வசுக்கள் 8, ருத்திரர்கள் 11, ஆதித்தியர்கள் 12, இந்திரன், பிரஜாபதி. கடைசி ஒன்று பிராணன், அதுவே பிரம்மம் என்று முடிக்கிறார்.

கே: பெருமாள் புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டி முன்னாலும் வேத கோஷ்டி பின்னாலும் போவது ஏன்? சிவன் கோயிலில் இப்படி ஏதும் உண்டா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

ப: வேதம் பெருமாளைத் தேடிப் பின்னால் வருகிறது, பெருமாள் தமிழைத் தேடிப் பின்னால் போகிறார் என்பது பெரியவர்கள் சொல்லும் விளக்கம். நம்மாழ்வாரின் நான்கு நூல்களையும் நான்கு வேதத்துக்கு ஈடாக வைத்திருக்கிறார்கள்: திருவிருத்தம் (100 பாசுரம்) ருக், திருவாசிரியம் (7) யஜுர், பெரிய திருவந்தாதி (87) அதர்வணம், திருவாய்மொழி (1,102) சாமம். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்தில் திருவாய்மொழியை நாளுக்கு ஒரு பத்தாக (ஏறக்குறைய 100 பாசுரம்) சேவிப்பது உங்கள் ஊரிலேயே நடக்கிறது.

சிவன் கோயிலில் பூஜை முடிவில் பஞ்சபுராணம் பாடுவார்கள். வரிசை மாறக் கூடாது: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். பன்னிரு திருமுறையில் முதல் ஏழு தேவாரம், திருவாசகம் எட்டில், திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் ஒன்பதில், பெரியபுராணம் பன்னிரண்டாவது. தொடக்கத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்ல வேண்டும். ஐந்து பாட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வீட்டுப் பிரதோஷ பூஜையிலும் பாடலாம். தேவாரத்துக்கு அந்தந்த ஊர்ப் பதிகத்தில் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கே: தாத்தா வீட்டுப் பரணில் இரண்டு ஓலைச்சுவடிக் கட்டுகள் கிடைத்தன. சரஸ்வதி பூஜைக்கு வைத்துவிட்டு, ஆற்றில் விட்டுவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், திருநெல்வேலி

ப: தயவுசெய்து ஆற்றில் விடாதீர்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தால் போன நூல்கள் திரும்ப வரவில்லை. பூஜையில் வைக்கலாம், ஆனால் சந்தனம், குங்குமம், தீர்த்தம் ஏட்டின் மேல் படக் கூடாது. மேலே துணி போர்த்தி, துணிக்குப் பொட்டு வையுங்கள்.

கட்டைப் பிரிக்கும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பிறகு கயிற்றை மெதுவாகத் தளர்த்துங்கள். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். கத்தி, நகம், தண்ணீர் எதையும் பயன்படுத்தாதீர்கள். பிரித்தால் மேல்தோல் எழுத்தோடு சேர்ந்து உரிந்து வரும். ஒட்டாத ஏடுகளை மென்மையான தூரிகையால் நீளவாக்கில், ஓலையின் நரம்பு ஓடும் திசையில் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் விளிம்பு கிழியும். ஏட்டின் இடது ஓரத்தில் எண் இருக்கும். பழைய முறையில் 24 என்பது ௨௰௪ என்று, இரண்டு, பத்து, நான்காக எழுதியிருக்கும். அந்த வரிசையிலேயே திரும்ப அடுக்குங்கள். எண் இல்லாத ஏடு வந்தால் அது கிடந்த இடத்திலேயே வையுங்கள்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். பிசுக்கேறித் தூசி பிடிக்கும், பூச்சியும் வரும். சுவடி நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு லேசாகப் பூசுகிறார்கள். ஓலைக்கு வளையும் தன்மை திரும்பும், பூச்சியும் அண்டாது. அதையும் தெரிந்தவர் கையால் செய்வதுதான் பாதுகாப்பு. வெயிலில் காய வைப்பது, பிளாஸ்டிக் பையில் போடுவது, ஒட்டும் டேப், லேமினேஷன் எல்லாம் கெடுதல். கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மரச் சட்டத்துக்கு நடுவில் வைத்து, பக்கத்தில் வசம்புத் துண்டு போட்டு, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். கஞ்சிப் பசையைத் தேடித்தான் பூச்சி வருகிறது.

அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் சோதிடம், வைத்தியம், அம்மானை, பூஜாவிதி. கிரந்த எழுத்தில் (நம் பக்கத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்து) இருந்தால் ஆகமப் பத்ததியாகவோ (கோயில் பூஜை முறை நூல்) வேத நூலாகவோ இருக்கலாம். முதல் இரண்டு ஏடு, கடைசி இரண்டு ஏடு ஆகியவற்றைப் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். கீறிய எழுத்து நிழலில் தெளிவாகத் தெரியும். நூல் பெயர், எழுதியவர், எழுதி முடித்த ஆண்டு பெரும்பாலும் கடைசி ஏட்டில்தான் இருக்கும். அந்தப் படங்களோடு சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், சென்னை உ.வே.சா. நூல்நிலையம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை அணுகுங்கள். புதுச்சேரியில் சேர்ந்த சைவ சித்தாந்தச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அங்கே இருக்கும் ஆகமச் சுவடிகளில் பலவும் குருக்கள் வீடுகளிலிருந்தும் மடங்களிலிருந்தும் வந்தவை. கொடுக்க மனமில்லை என்றால் படியெடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கட்டை எடுத்துக்கொண்டு பேருந்தில் போவதாக இருந்தால் மடியில் படுக்கைவாக்கில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் குலுங்கலில் துளையைச் சுற்றி ஓலை பிளக்கும்.